பதின்மூன்றாம் தேதிக்காரி

அஞ்சுகத்துக்கு நாற்பது வயது நிறைந்த மே மாதப் பன்னிரண்டாம் தேதிக் காலையில், அவளுடைய வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் இடையே ஓர் ஒல்லாந்துக் கப்பல் வந்து நின்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே தேதியில் நீலவாய்ப்பட்டினத்துக் கரையில் தரைதட்டிய கப்பல் அது என்பதும், அதன் வயிற்றில் சாதிக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்தன என்பதும் ஊரில் யாவரும் அறிந்த செய்திகளே ஆகையால், அதைக் கண்டு எவரும் வாய் பிளக்கவில்லை. கொடிக்கயிறு அறுந்துபோயிற்றே என்று அஞ்சுகம் மட்டும் அங்கலாய்த்துவிட்டு, ஈரப் புடைவைகளைப் பாய்மரத்தின் குறுக்குக் கட்டையில் உலர்த்தினாள். எட்டு மணிக்கு, ஊருக்கு முதன்முதலாக வந்த புகைவண்டி, அன்று கட்டிய மாவிலைத் தோரணம் இன்னும் வாடாமல், கொல்லைக் கதவின் வழியே நுழைந்து, கூடத்தைக் கடந்து, வாசற்படியில் இறங்கித் தெருவோடு போயிற்று. அலமாரியில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் பாத்திரங்களின்மேல் கரி படிந்தது. பத்து மணிக்கு, உப்பளத்துக் கூலிகள் வேலைநேரத்தைக் குறைக்கச் சொல்லி நடந்து வென்ற ஊர்வலம் அதே கூடத்தின் வழியே முழக்கமிட்டுக்கொண்டு வந்தது. அவர்கள் நாவறண்டு வந்ததைப் பார்த்து அஞ்சுகம் நீர்மோர் கலக்கிக் கொடுத்தாள். நூறாண்டுத் தாகமாகையால் குடம் குடமாக வேண்டியிருந்தது.

நண்பகலில் தொட்டில்கள் வந்தன. அந்தத் தேதியில் பிறந்து, வளர்ந்து, ஊருக்குப் பெயர் வாங்கித் தந்து, செத்தும் போய்விட்ட பெரியவர்கள் எல்லாரும், பிறந்த கணத்தில் எவ்வாறு இருந்தார்களோ அவ்வாறே, பச்சைச் சிசுக்களாக அந்தத் தொட்டில்களில் கிடந்து அழுதார்கள்: மூன்று ஜில்லாக்களில் தோற்காத பயில்வான், தேவாலயத்து ஆர்மோனியக்காரர், மலாக்கா வரைக்கும் மரக்கலம் ஓட்டிய மரைக்காயர், நீலவாய்ப்பட்டினத்தின் முதல் பெண் மருத்துவரும், ஊரில் பாதிப்பேரைத் தம் கையால் வெளியே எடுத்தவருமாகிய டாக்டர் பரிமளகாந்தி. தெருப்பெண்கள் வந்து தொட்டிலுக்கு ஒருத்தியாக நின்று ஆட்டினார்கள். பிள்ளை பெறாதவளான அஞ்சுகம் ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். பொழுது சாய்ந்து, அவள் பூசை மாடத்தில் விளக்கேற்றிய அந்த நொடியில் கப்பலும் கரிப்புகையும் குழந்தைகளும் மறைந்தன. ஈரத் துணிகள் மட்டும் தொட்டில்களில் கிடந்தன.

எதிர் வீட்டு மாவு மில்லின் வாசலில் நின்று இவற்றை எல்லாம் தொடக்கமுதல் முடிவுவரை பார்த்துக்கொண்டிருந்தவள் தையல்நாயகி. பார்த்தாள் என்பது போதாது. மிளகாய் அரைக்கிற எந்திரத்தின் அருகில் நிற்பவளுக்குக் கண் எரிவதைப்போல அவளுக்கு உடம்பு முழுவதும் எரிந்தது. ஏனெனில் அந்தப் பன்னிரண்டாம் தேதி, கணக்குப்படி, அவளுக்குச் சேரவேண்டிய தேதி.

அந்தக் காலத்தில் நீலவாய்ப்பட்டினத்துத் தாய்மார்களுக்குப் பிள்ளை பிறந்த நட்சத்திரம் தெரியும், கிழமை தெரியும், பிறந்தபோது பசு கன்று ஈன்றதா, புயல் அடித்ததா என்பதும் தெரியும். ஆங்கிலத் தேதி தெரியாது. ஆகவே பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியரே ஒரு பிறந்த தேதியைச் சூட்டிவிடுவார். மற்ற ஊர்களில் பள்ளிக்கூடம் முழுவதும் ஒரே நாளில் பிறந்திருக்கும். ஏகாம்பர வாத்தியாருக்கு அது பிடிக்காது. ஒரே தேதியை அத்தனை பேருக்கும் எழுதுவது சோம்பேறித்தனம் என்பது அவருடைய கொள்கை. எனவே வரிசையில் முதலில் நின்ற பிள்ளைக்கு மே மாத முதல் தேதி, அடுத்து நின்ற பிள்ளைக்கு இரண்டாம் தேதி என்று, நடுவில் ஒன்றும் விடாமல், முறையாக வழங்கிக்கொண்டு வந்தார். வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றவள் தையல்நாயகி. அவளுக்குப் பின்னால் அஞ்சுகம், இடுப்பில் வயிற்றுப்போக்குக் குழந்தையோடு நின்ற தன் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க முன்ன போங்கக்கா, கைப்புள்ளய வச்சிக்கிட்டு நிக்கிறீங்க" என்று தையல்நாயகியின் தாய் விலகி வழிவிட்டாள். வழிவிட்டது அந்த ஒரு வார்த்தைதான். நாற்பது வயதில் அற்புதம் வந்தபோது, அது தாய்மார்களின் நினைவைக் கேட்கவில்லை. அரசாங்க அலுவலகங்கள் எதை ஏற்றுக்கொள்ளுமோ அதையே, அதாவது பள்ளிச் சான்றிதழையே, தானும் ஏற்றுக்கொண்டது.

அவ்வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் அவரவர் தேதிக்கு உரியது அவ்வாண்டே வந்து சேர்ந்தது. பதினோராம் தேதிக்காரனாகிய சந்தியாகு வீட்டு முற்றத்தில், எந்தக் காலத்திலோ எரிந்து ஊரைப் பயமுறுத்திய வைக்கோற்போர் மறுபடியும் எரிந்தது. அவன் அதில் கருவாடு சுட்டுத் தின்றான். பதினான்காம் தேதிக்காரியாகிய ஜொகராம்மாள் வீட்டு அடுக்களை வழியே, கல்யாணத்துக்கு முதல்நாள் ஓடிப்போன ஒரு ஜமீன்தார் மகள், கழுத்து நகைகளைக் கையால் பொத்திக்கொண்டு ஓடினாள். "பாத்துப் போம்மா, படி இருக்கு" என்று ஜொகராம்மாள் உலையிலிருந்து கண்ணெடுக்காமல் குரல் கொடுத்தாள். பதின்மூன்றாம் தேதியன்று தையல்நாயகி தலைக்கு ஊற்றிக்கொண்டு, பட்டுப்புடைவை உடுத்திக்கொண்டு, விடிந்ததுமுதல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பல்லிகூட அன்று கத்தவில்லை.

ஊர் வரலாற்றுக் கழகத்தின் செயலாளரிடம் அவளே நேரில் போய்க் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செப்பேடுமுதல் செய்தித்தாள்வரை மனத்துக்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதிமூணாந் தேதியாம்மா? அன்னைக்கு ஊரு எப்பவும் தூங்கியிருக்குது" என்றார்.

அதன்பிறகு ஆண்டுகள் போயின. ஊர் அந்தப் பன்னிரண்டாம் தேதியைத் தன் உடம்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டது. கத்தரி வெயிலில் எங்கே போவது என்று அறியாதிருந்த பள்ளிப்பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா ஆயிற்று. நகராட்சி தெருவின் இரு முனைகளிலும் கயிறு கட்டிப் பேருந்துகளை வேறு வழியாகத் திருப்பிவிட்டது. கூடத்தைப் புகைவண்டிக்குக் குறுகலென்று கண்ட ஊர்க் கொத்தனார் நிலைப்படிகளை அகலமாக்கிக் கொடுத்தார். பயில்வானின் பேரப்பிள்ளைகள், நரைத்த மீசைக்காரர்கள், தங்கள் பாட்டனாரின் தொட்டிலுக்குக் கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு வந்து, "தாத்தா, இங்க பாருங்க, இங்க" என்று ஆட்டிக் காண்பித்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்களை டாக்டர் பரிமளகாந்தியின் தொட்டிலருகே கொஞ்சநேரம் உட்காரவைத்து அழைத்துப்போவது வழக்கமாயிற்று. அம்மையார் அந்தச் சமயத்தில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். முறுக்கு, அதிரசம், கடலை மாவுப் பண்டங்கள் என்று ஊரே சுட்டு விற்றதால், மாவு மில்லில் அந்த வாரம் முழுவதும் எந்திரம் நிற்கவில்லை. தையல்நாயகியின் கணவன் உலகநாதன் புருவம்வரை மாவு பூசிய முகத்தோடு, அஞ்சுகத்தின் தேதியைக் கையெடுத்துக் கும்பிட்டான். மறுநாள், பதின்மூன்றாம் தேதி, எல்லாரும் களைத்துத் தூங்கினார்கள்.

"என்னா தையலு, நாளைக்கு ஒனக்குத்தானே பொறந்த நாளு? நல்லாத் தூங்கணும்னு நாங்கல்லாம் காத்துக்கிட்டு இருக்கோம்" என்று பால்காரப் பட்டம்மாள் அரிசிக் கூடையை மில்லில் இறக்கிக்கொண்டே சொன்னாள். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க. ஒங்க பல்லுக்கும் ஒரு நாளு வரும்" என்றாள் தையல்நாயகி. மாவை அன்று சற்றுக் கொரகொரப்பாகவே அரைத்துக் கொடுத்தாள்.

அவள் சும்மா இருந்தாள் என்று எவரும் சொல்ல முடியாது. புதிய குடிநீர்த் தொட்டியைப் பதின்மூன்றாம் தேதியில் திறக்கவேண்டும் என்று நகராட்சித் தலைவரின் வீட்டுக்கு நடையாய் நடந்து இசைவு வாங்கினாள். திறந்து வைக்க வந்த அமைச்சர், கப்பலைப் பார்க்கும் ஆசையால் ஒரு நாள் முன்னதாகவே வந்து, வந்த கையோடு தொட்டியையும் திறந்துவிட்டுப் போய்விட்டார். மறு ஆண்டுமுதல் அஞ்சுகத்தின் கொல்லையில், கப்பலுக்குப் பக்கத்தில், ஒரு குடிநீர்த் தொட்டியும் ரிப்பனோடு வந்து நின்றது. தன் மூத்த மகனின் கல்யாணத்தைப் பதின்மூன்றாம் தேதியில் வைத்தாள். மழை பெய்யவில்லை, பந்தி முறியவில்லை, சம்பந்திகள் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும்படியான எதுவும் நிகழாமல் அது ஒழுங்காக முடிந்து தொலைத்ததால், மறு ஆண்டு அந்தத் தேதி அதைத் திருப்பித் தரவில்லை. பிறகு ஒரு முறை, என்ன கோரிக்கை என்று தானே முடிவு செய்யாமல், பேருந்து நிலையத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தாள். தூங்கி எழுந்து மாலையில் காப்பி குடிக்க வந்தவர்கள், "பஸ்ஸுக்கா நிக்கிறீங்க அத்தாச்சி? இன்னைக்கு ஒண்ணும் வராதே" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"விட்டுத் தொலையேன்டி. ஒரு தேதிக்காவ மனுசி இப்புடியா வாடுவா?" என்றான் உலகநாதன்.

"ஒங்களுக்கு என்னா, ஒங்களுக்கு ஆகஸ்டு. ஒங்க தேதியில சின்னதா ஒரு புயலாவது அடிச்சிருக்கும்" என்றாள் அவள்.

ஓர் ஆண்டு, பதின்மூன்றாம் தேதிக் காலையில், அஞ்சுகம் தெருவைக் கடந்து வந்தாள். கண்ணிமைகள் தடித்திருந்தன, கழுத்து மடிப்பில் புகைவண்டிக் கரி இன்னும் போகாமல் இருந்தது.

"தையலு, கொஞ்ச நேரம் ஒன் வீட்டுல உக்காந்துட்டுப் போறேன்டி."

"ஏன், ஒன் வீட்டுல கப்பல் எடத்த அடைக்குதா?"

"அது நேத்தே போயிருச்சே. எல்லாந்தான் போயிருச்சு." அஞ்சுகம் சுவரோரமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "இங்க எவ்ளோ அமைதியா இருக்கு. ஒண்ணும் வராது, ஒண்ணும் போவாது. ஒன் தேதிதான்டி தேதி."

தன்னிடம் இருப்பது ஒரு வெறுமை. அதன்மேலும் இவள் கண் வைக்கிறாளே என்று தையல்நாயகிக்குத் தோன்றியது. "வேணுமின்னா அதையும் எடுத்துக்கிட்டுப் போ" என்றாள்.

அஞ்சுகம் அதைக் காதில் வாங்கவில்லை. "நேத்து அந்தப் பரிமளகாந்தி என் வெரலப் புடிச்சிக்கிச்சு. புடிச்சா விட மாட்டேங்குது. வெளக்கேத்த எந்திரிக்கணும், வெரல உருவ மனசு வல்ல."

"ஏத்தாம இருக்கிறதுதானே? வெளக்கு வச்சாத்தானே மறையுதுங்க?"

"பொழுது சாஞ்சும் வெளக்கு வைக்காம இருந்தா அது குடும்பம் நடத்துற வீடா?" என்றாள் அஞ்சுகம். பிறகு, தனக்குத்தானே சொல்வதைப்போல, "அதோட, அதுங்க போவணும்டி. போனாத்தானே அது டாக்டராவும், இவன் பயில்வானாவான். நாம புடிச்சி வச்சிக்கிட்டா ஊரு என்னாவறது?" என்றாள்.

தையல்நாயகியின் மனம் வேறோரிடத்தில் நின்றிருந்தது. விளக்கேற்றாவிட்டால் குழந்தை மறையாது. மறையாத குழந்தை பன்னிரண்டாம் தேதியிலிருந்து பதின்மூன்றாம் தேதிக்குள் வந்துவிடும். எந்த வீட்டில் அது விடிகிறதோ, அந்த வீட்டுக்காரியின் தேதியாக அது ஆகிவிடும். ஓர் ஆண்டு முழுவதும் அவள் அந்த எண்ணத்தை, ஊறவைத்த அரிசியைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டாள்.

மறு ஆண்டு, பன்னிரண்டாம் தேதி நண்பகலில், தெருப்பெண்கள் வியக்கும்படியாகத் தையல்நாயகி எதிர் வீட்டுக்குப் போய், "நானும் ஒரு தொட்டில ஆட்டுறேன்" என்றாள். டாக்டர் பரிமளகாந்தியின் தொட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெயில் தணிந்தது, கூட்டம் கலைந்தது, அஞ்சுகம் விளக்குத் திரி எடுக்க உள்ளே போனாள். கைகால் சிறுத்த, நெற்றியில் இரண்டு சுருக்கம் விழுந்த அந்தப் பச்சைச் சிசுவை எடுத்து மார்போடு அணைத்து, அதன்மேல் முந்தானையைப் போர்த்துக்கொண்டு, தையல்நாயகி தெருவைக் கடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். எதிர் வீட்டு மாடத்தில் சுடர் தெரிந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு முந்தானையை விலக்கிப் பார்த்தாள். குழந்தை கொட்டாவி விட்டது.

மில்லை மூடிவிட்டு வந்த உலகநாதன் இருட்டில் வாசற்படியில் இடறிக்கொண்டான்.

"என்னா தையலு, வெளக்கு வைக்கல? ஒடம்பு சரியில்லையா?"

"சுவிச்சுல கைய வைக்காதீங்க. தீக்குச்சியும் கிழிக்காதீங்க. அப்புடியே வந்து உக்காருங்க."

அவன் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். கைக்கு ஈரத்துணியும், துணிக்குள் ஒரு குதிகாலும் தட்டுப்பட்டன. "இது யாரு?" என்றான் மெதுவாக.

"டாக்டரம்மா."

உலகநாதன் கையை இழுத்துக்கொண்டான். "அடிப் பாவி, என்னைய எடுத்ததே அந்தம்மாதான்டி. அவங்கள நீ இங்க வச்சிக்கிட்டா, அங்க என்னைய யாரு எடுக்கிறது?" என்றான். பிறகு, தான் இன்னும் இருக்கிறோமா என்று தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இருந்தான். அது அவனுக்கு ஓரளவு ஆறுதலாக இருந்தது. பசும்பாலில் வெந்நீர் கலந்து சங்கில் புகட்டுவதற்கு, இருட்டிலேயே, அவன்தான் சங்கைத் தேடிக் கொடுத்தான்.

விடிந்தது. நீலவாய்ப்பட்டினத்தின் வரலாற்றில் முதன்முறையாகப் பதின்மூன்றாம் தேதி, ஒரு குழந்தையின் அழுகுரலோடு விடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஊர் விழித்துக்கொண்டது. பட்டம்மாள் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். சந்தியாகு வந்தான், ஜொகராம்மாள் வந்தாள், வரலாற்றுக் கழகத்துச் செயலாளர் இடுப்புத் துண்டோடு வந்தார். முதல்நாள் மிஞ்சிய முறுக்குகளை யாரோ அவசரமாகக் கொண்டுவந்து மில் வாசலில் கடை பரப்பினார்கள். நகராட்சி உறுப்பினர்கள் தெருவிலேயே நின்றபடி அவசரக் கூட்டம் கூடி, டாக்டர் பரிமளகாந்தி வளராமற்போனால் அவர் கையால் பிறந்தவர்களின் நிலை என்ன என்று வாதாடினார்கள்; அவ்வாறு பிறந்தவர்களே அக்கூட்டத்தில் பெரும்பான்மையாக இருந்ததால், ஏற்கெனவே பிறந்தவர்கள் பிறந்தவர்களே என்று எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேறியது.

தையல்நாயகி பட்டுப்புடைவை உடுத்திக்கொண்டு, மடியில் குழந்தையோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து குழந்தையைப் பார்த்தார்கள். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். "கெட்டிக்காரிதான்டி நீ" என்றாள் பட்டம்மாள், சிரிக்காமல். ஏழெட்டு ஆண்டுகளாக அவள் காத்திருந்த சொல் அது. ஆனால் அதைக் கேட்டபோதும் அவளுடைய கண் வாசலிலேயே இருந்தது. ஊர் முழுவதும் வந்தாயிற்று, வரவேண்டியவள் வரவில்லை. அஞ்சுகம் வந்து, அந்த வாசற்படியில் நின்று, இந்த மடியைப் பார்க்க வேண்டும். பார்த்து அவளுக்கு வயிறு எரிய வேண்டும். மில் வாசலில் நின்று தனக்கு எரிந்ததைப்போல, ஒரே ஒரு முறை, அவளுக்கும் எரிய வேண்டும். அது நடக்காதவரையில் வந்த கூட்டம் கூட்டமாகத் தோன்றவில்லை. ரேஷன் கடையில் கூடினவர்கள் போலத் தோன்றியது.

நண்பகல் ஆயிற்று, அஞ்சுகம் வரவில்லை. வெயில் சாயத் தொடங்கிற்று, வரவில்லை.

"அவ என்ன பண்றா?" என்று ஜொகராம்மாளிடம் கேட்டாள்.

"பாத்திரம் தேச்சிக்கிட்டு இருக்கா. காலையிலேந்து அதே பாத்திரம்."

தையல்நாயகிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் தெருவைக் கடந்து, அகலமாக்கிய அந்த நிலைப்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, கொல்லையில் போய் நின்றாள். அஞ்சுகம் துவைக்கிற கல்லின் அருகில் குந்தியிருந்து, கரியெல்லாம் போய்ப் பளபளத்துக் கிடந்த ஒரு குண்டானைச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றாள் தையல்நாயகி.

அஞ்சுகம் நிமிர்ந்து பார்த்தாள்.

மனித முகத்தில் அதற்குமுன் தையல்நாயகி அதைக் கண்டதில்லை. கண்ணாடியில் மட்டும் கண்டிருக்கிறாள். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண்கள் குழந்தையின்மேல் விழுந்து, அதைத் தாங்கியிருந்த கையின்மேல் ஏறி, அந்தக் கைக்கு உரியவளின் முகத்தில் வந்து நின்று, அங்கிருந்து அகல முடியாமல் தவித்தன. அது முழுமையானதாக இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அவள் கேட்டது அதைத்தான். கேட்டதற்கு ஒரு குன்றிமணி எடைகூடக் குறையாமல் அது அவளுக்குக் கிடைத்தது. அதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்று அவள் நினைத்திருந்தாளோ, அத்தனை நேரம் அவளால் நிற்க முடியவில்லை.

"இந்தா புடி" என்றாள். "கையக் கழுவிட்டுப் புடி. சாம்பலோட தொடாத."

"எனக்கு வேணாம்டி. சாயந்தரம் போயிரும். போற புள்ளைய எத்தன தரந்தான்..." என்று சொல்லி அஞ்சுகம் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எப்புடிப் போவும்? நீ வெளக்கு வைக்காத."

"பொழுது சாஞ்சா..."

"பொழுது சாஞ்சா சாயட்டும். இன்னைக்கு என் தேதி. என் தேதியில நான் சொல்றதத்தான் கேக்கணும்."

அன்று மாலை அஞ்சுகம் விளக்கேற்றவில்லை. எதிர் வீட்டில் தையல்நாயகி ஏற்றவில்லை. எவரும் எவருக்கும் சொல்லி அனுப்பவில்லை. ஜொகராம்மாள் தன் வீட்டுச் சுவிட்சைப் போடவில்லை, சந்தியாகு மேரிமாதா படத்தின்முன் மெழுகுவத்தி கொளுத்தவில்லை, பட்டம்மாள் மாட்டுக்கொட்டிலில் தடவித் தடவிப் பால் கறந்தாள். நகராட்சிக்காரர் தெருவிளக்கின் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். கலங்கரை விளக்கத்துக் காவலாளி மட்டும், கப்பல்களை நினைத்து, கடற்பக்கத்துக் கண்ணாடியில் ஏற்றி, ஊர்ப்பக்கத்துக் கண்ணாடியில் சாக்குப் படுதாவை இழுத்துவிட்டார். பதினான்காம் தேதிக் காலையில் ஜமீன்தார் மகள் ஜொகராம்மாளின் அடுக்களை வழியே ஓடியபோது, அஞ்சுகத்தின் மடியில் குழந்தை இருந்தது. அன்று மாலை விளக்கேற்றியபோதும் இருந்தது. சுடரைப் பார்த்து அது கையை நீட்டியது.

மருத்துவமனையில் டாக்டர் பரிமளகாந்தியின் பெயர்ப்பலகையில் இருந்த பிறந்த தேதியைப் பெயிண்டர் ஒருவர் வந்து அழித்தார். புதிய தேதியை எழுதச் சொல்வாரில்லாமையால் அந்த இடம் அப்படியே வெள்ளையாக இருக்கிறது. குழந்தை அஞ்சுகத்தை 'அம்மா' என்றும், தையல்நாயகியை 'எதுத்தூட்டம்மா' என்றும் கூப்பிடக் கற்றுக்கொண்டது.

மறு ஆண்டு, பதின்மூன்றாம் தேதி மாலை வெயில் சாய்கிற நேரத்தில், மில்லில் மாவு தள்ளிக்கொண்டிருந்த தையல்நாயகியின் கைகளில் ஒரு பச்சைச் சிசுவின் எடை வந்து அமர்ந்தது. குனிந்து பார்த்தாள், நெற்றியில் இரண்டு சுருக்கம். எதிர் வாசலில், தத்தித் தத்தி நடக்கப் பழகிய அதே பெண், தானே தூக்கிவரப்படுவதைப் பார்ப்பதற்காக நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றது. தெருவின் இரு முனைகளிலும் நகராட்சி கயிறு கட்டியிருந்தது. சன்னல்களில், மாடிகளில், வேப்பமரக் கிளைகளில் ஊர் ஏறி உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்கு என்னா விசேஷம்?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

"அஞ்சுகத்துக்குப் புள்ள கெடைச்ச நாளுங்க" என்றாள் பட்டம்மாள்.

அது தையல்நாயகியின் காதில் நன்றாகவே விழுந்தது. பன்னிரண்டாம் தேதியும் அஞ்சுகத்துக்கு, பதின்மூன்றாம் தேதியும் அஞ்சுகத்துக்கு. பழைய எரிச்சல், பழகின நாய்போல வந்து அவளுடைய காலைச் சுற்றிக்கொண்டது. ஆயினும் கையில் குழந்தை இருக்கும்வரையில் ஒவ்வொரு கண்ணும் தன்மேல் இருப்பதை அவள் கவனித்தாள். எதிர் வாசலில் அஞ்சுகம், நடக்கிற அந்தப் பெண் அருகில் நிற்கும்போதே, சாம்பல் படிந்த இரண்டு கைகளையும் புடைவையில் துடைத்துத் துடைத்துக் காத்திருப்பதையும் கவனித்தாள். மில்லின் படியிலிருந்து அவள் ஒரு காலை எடுத்துத் தெருவில் வைத்தாள். பிறகு நின்று, குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

அன்றுமுதல் இன்றுவரை ஆண்டுதோறும் அவள் அவ்வாறே கடக்கிறாள். "சீக்கிரம் ஆகட்டுங்கம்மா, மாவட்ட ஆட்சியர் வெயில்ல நிக்கிறாரு" என்று நகராட்சித் தலைவர் கைகூப்புகிறார். "அவருக்குன்னு ஒரு தேதி இருக்குமுல்ல, அங்க போயி அவசரப்படச் சொல்லுங்க" என்கிறாள் தையல்நாயகி. முதல் ஆண்டு, வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் கடந்துவிட்ட தெருதான் அது; இப்போதெல்லாம் கடப்பதற்குள் வேடிக்கை பார்ப்பவர்கள் ஒரு முறை வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம். ஆண்டுக்கு ஆண்டு அந்தத் தெரு அகலமாகிக்கொண்டே போகிறது.